இரண்டு இடத்திலும் ஒரே தப்பு

நான் ஓய்வு பெற்ற அன்று மருத்துவமனை அரங்கில் சின்னதாக ஒரு கூட்டம் நடத்திச் சால்வை போர்த்தினார்கள். "மேகலா மேடம் வந்தப்புறம்தான் நம்ம ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டரே வந்துச்சு. அவங்க இருந்த வரைக்கும் ஒரு பிரச்சினை வந்ததில்ல" என்று நிர்வாக அதிகாரி பேசினார். நான் ஏற்புரைக்கு எழுந்தேன். கடைசி வரிசையில் லேப் ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பழைய ஆட்கள் இரண்டு பேர் தலை குனிந்துகொண்டார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிரிவின் வருத்தம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

உண்மையில் எனக்குப் பயமாக இருந்தது. பதினோரு வருஷமாகக் கூடவே இருந்த பயம். மேடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிற வழியில் இருக்கிறது அந்த மிஷன் மருத்துவமனை. பெயரை எழுதப்போவதில்லை. என்னை ஆளாக்கிய இடம் அது. அங்கே நடந்த தவறு என்னுடையது.

எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பாலிடெக்னிக்கில் கணினி படித்தேன். தஞ்சாவூரில் ஒரு டைப்பிங் சென்டரில் இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு மருத்துவமனையில் பெயர்ப் பதிவு வேலை. வேறு ஆள் இல்லாததால் நானே கணினிப் பிரிவின் பொறுப்பாளர் ஆனேன். பிரிவு என்றால் ஒரு மேஜை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் பெட்டி, நான்.

லேபின் தலைவர் டாக்டர் எஸ்தர். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். உருவமும் சிறியது, குரலும் சிறியது. ஆனால் அவரிடம் போய் "சரியாயிடுச்சு டாக்டர்" என்று சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. "ஏன் சரியாச்சு?" என்று கேட்பார். நின்றுபோன பிரிண்டர், அணைத்துப் போட்டதும் ஓடத் தொடங்கினால்கூட அந்தக் கேள்வி வரும். தெரியாது என்றால் கோபப்படமாட்டார். "தெரியாதுன்னு நோட்ல எழுதி வைங்க" என்பார். எழுதிக் கொடுத்ததைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாய்விட்டுப் படிப்பார். நாம் எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்கும்போது அதிலிருக்கும் ஓட்டை நமக்கே தெரிந்துவிடும்.

ரத்தத்தில் உப்பு, சர்க்கரை, பொட்டாசியம் எல்லாம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் இயந்திரங்கள் எங்களிடம் இரண்டு வந்தன. ஒன்று பெரிய லேபில், இன்னொன்று அவசரப் பிரிவில். இரண்டையும் ஒவ்வொரு கணினியோடு இணைக்க வேண்டும். சென்னையிலிருந்து சீனிவாசன் என்ற புரோகிராமர் வந்து பத்து நாள் தங்கி மென்பொருள் எழுதிக் கொடுத்தார். அந்த இயந்திரங்களுக்கு நோயாளியின் பெயர் தெரியாது. சுற்றும் வட்டத் தட்டில் எந்த வரிசையில் டியூபுகள் நிற்கின்றனவோ, அந்த வரிசையில் முடிவுகளை ஒவ்வொன்றாகக் கேபிள் வழியே அனுப்பும். கணினியில் அதே வரிசையில் பெயர்கள் இருக்கும். முதல் முடிவு முதல் பெயருக்கு, இரண்டாவது முடிவு இரண்டாவது பெயருக்கு.

சோதனை ஓட்டத்தில் முதல் ஆளின் முடிவு மட்டும் வரவே இல்லை. சீனிவாசன் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் கண்டுபிடித்தார். கணினியின் ஆபரேட்டிங் சிஸ்டத்திலேயே ஒரு பிழை. புரோகிராம் ஒவ்வொரு முறையும் கேபிள் தொடர்பைத் திறந்தவுடன் வருகிற முதல் வரியை அது விழுங்கிவிடுகிறது. அடுத்த வரியிலிருந்து ஒழுங்காகக் கொடுக்கிறது.

"இதை அந்தக் கம்பெனிக்காரங்க திருத்தமாட்டாங்களா சார்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத் தெரியும்மா. வேணும்னுதான் விட்டு வச்சிருக்காங்க. முதல் வரி போயிடும்ங்கறதை வச்சே உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் புரோகிராம் எழுதிட்டாங்க. இப்பத் திருத்துனா அத்தனையும் கெட்டுப்போகும். பழசு ஓடணும்னா தப்பும் இருக்கணும்."

அவரும் அதையே செய்தார். முதல் இடத்தில் நோயாளியின் ரத்தத்தை வைக்க வேண்டாம், 'கன்ட்ரோல்' வையுங்கள் என்றார். அது புட்டியில் வருகிற திரவம். அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று புட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று பார்க்கக் காலையில் எப்படியும் அதை ஓட்டுவோம். இனி ஒவ்வொரு முறையும் அது முதல் இடத்தில் நிற்கட்டும். அந்த முடிவை ஆபரேட்டிங் சிஸ்டம் விழுங்கட்டும்.

லேபின் மூத்த டெக்னீஷியன் ஆரோக்கியராஜ் அண்ணன். பூண்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர். அந்த முதல் டியூபுக்கு அவர்தான் 'பிள்ளையார் டியூப்' என்று பெயர் வைத்தார். "அவருக்கு முதல்ல வச்சிட்டா மத்ததெல்லாம் ஒழுங்கா வருது" என்று சிரிப்பார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்தார்கள். காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் மட்டும் என் நோட்டில் எழுதி வைத்தேன். ஏழு வருஷத்தில் அந்த நோட்டு பீரோவுக்குள் எங்கேயோ போனது. சீனிவாசனின் கம்பெனியும் மூடப்பட்டுவிட்டது. அவர் வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஏழாவது வருஷம் ஐப்பசியில் பெரிய லேபின் கணினி மழை ஈரத்தில் செத்துப்போனது. அவசரப் பிரிவில் இருந்த பழையது பிழைத்துக்கொண்டது. புதுக் கணினி வாங்கினோம். அதில் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம். சீனிவாசனின் புரோகிராமை ஏற்றினேன். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் திறந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சோதித்துப் பார்க்காமல் நான் அதை லேபிடம் ஒப்படைக்கவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் அதனால் எந்த ஆறுதலும் கிடைப்பதில்லை. பிள்ளையார் டியூபை வைத்து, அதன் பின்னால் பத்து டியூப் வைத்தேன். நோயாளிகளின் ரத்தத்தை வீணாக்க வேண்டாம் என்று பத்திலும் அதே கன்ட்ரோல் திரவத்தையே ஊற்றினேன். பத்துப் பெயருக்கும் பத்து முடிவு வந்தது. எல்லாம் புட்டியில் அச்சிட்டபடியே இருந்தது. டாக்டர் எஸ்தர் அன்று வேலூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நானே கையெழுத்துப் போட்டேன்.

எல்லா டியூபிலும் ஒரே திரவம் இருந்தால், ஒருவர் முடிவு இன்னொருவருக்குப் போனாலும் எப்படித் தெரியும்?

புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்தப் பிழையைத் திருத்தியிருந்தார்கள். முதல் வரியை அது விழுங்கவில்லை. பிள்ளையார் டியூபின் முடிவு முதல் நோயாளியின் பெயரில் ஏறியது. முதல் நோயாளியுடையது இரண்டாமவருக்கு, இரண்டாமவருடையது மூன்றாமவருக்கு. கடைசியில் மிஞ்சிய ஒரு முடிவைப் பெயர் இல்லாததால் புரோகிராம் தூக்கிப் போட்டுவிட்டது. ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. மூன்று நாள் இப்படியே நடந்தது.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். விடாத மழை. பிரசவ வார்டிலிருந்து ஒரு டாக்டர் வேகமாக இறங்கி வந்தார். முந்தின நாள் குழந்தை பெற்ற செல்வி என்ற பெண்ணுக்கு அன்றைய ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று என்று வந்திருக்கிறது. சாதாரணமாக நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டும். ஏழு என்றால் எந்த நிமிஷமும் இதயம் நின்றுபோகலாம். குறைப்பதற்கான ஊசியை நர்ஸ் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். நல்லவேளையாக அந்த டாக்டர் முதலில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். அது சுத்தமாக இருந்தது. அந்தப் பெண்ணோ குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதனால் ஊசியை நிறுத்திவிட்டு, மறுபடியும் ரத்தம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஆரோக்கியராஜ் அண்ணன் பிள்ளையார் டியூபை வைத்து, பின்னால் அந்த ஒரே ஒரு டியூபை வைத்து ஓட்டினார். நாலு புள்ளி இரண்டு என்று வந்தது.

"சரியாத்தான் இருக்கு டாக்டர். காலையில எடுத்த சாம்பிள்ல ஏதோ கோளாறு" என்றார் அண்ணன். வார்டு டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேறு ஏதோ வேலையாக லேபுக்கு வந்திருந்த நானும் சிரித்தேன்.

டாக்டர் எஸ்தர் உள்ளறையிலிருந்து வந்தார். "ஏன் சரியாச்சு?" என்றார்.

அண்ணன் ரிப்போர்ட்டை நீட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். சோடியம், பொட்டாசியம், யூரியா, சர்க்கரை. பாதியில் குரல் நின்றது. ஃபிரிட்ஜைத் திறந்து கன்ட்ரோல் புட்டியை எடுத்தார். புட்டியையும் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தினமும் காலையில் இயந்திரத்தின் சின்னத் திரையில் பார்க்கிற எண்கள். அவருக்கு மனப்பாடம்.

"இது அந்தப் பொண்ணோட ரத்தம் இல்ல ஆரோக்கியம். இது இந்தப் புட்டி" என்றார்.

சீனிவாசன் சொன்ன ஒவ்வொரு சொல்லும், ஏழு வருஷமாக நினைக்காத சொற்கள், என் நினைவில் வரிசையாக வந்தன. காலுக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது.

"டாக்டர், முதல் வரி போகணும். இதுல போகல" என்றேன்.

அவருக்கு அது புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அப்ப எல்லாருக்கும் முன்னாடி ஆளோட ரிப்போர்ட் போயிருக்கு. எத்தனை நாளா?"

"மூணு நாளா."

இயந்திரத்தின் சுவிட்சை அவரே அணைத்தார். வார்டுகளுக்கு ஆள் அனுப்பி, இந்த மூன்று நாள் ரிப்போர்ட்டைப் பார்த்து யாருக்கும் எந்த ஊசியும் போட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். இயந்திரம் தன் பங்குக்கு ஒரு காகிதச் சுருளில் முடிவுகளை அச்சிட்டுத் தள்ளும். அதில் பெயர் இருக்காது, இடத்தின் எண் மட்டும் இருக்கும். அந்தச் சுருளைப் பார்க்கிற வழக்கம் விட்டுப்போயிருந்தது. நல்லவேளையாக மூன்று நாள் சுருளும் மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தது. தரையில் விரித்து, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே உண்மையான பெயரை எழுதினோம். செல்விக்குப் போன ஏழு புள்ளி ஒன்று, பட்டியலில் அவளுக்கு மேலே இருந்தவருடையது.

கோவிந்தசாமி, வயது ஐம்பத்தைந்து, வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வெளிநோயாளி. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு. கால் சோர்வாக இருக்கிறது என்று அன்று காலை முதல் ஆளாக வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார். அவருக்குப் போன ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. பார்த்த டாக்டர், சோர்வுக்கு இளநீர் குடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அது ஆஸ்பத்திரியில் இருந்த அவர் சீட்டிலேயே எழுதியிருந்தது. இளநீரில் இருப்பதும் பொட்டாசியம்.

சீட்டில் இருந்த போன் எண்ணுக்கு அடித்தோம். அணைத்து வைத்திருந்தது. டாக்டர் எஸ்தர் என்னைப் பார்த்தார். "ஜீப் நிக்குது. ஒரு நர்ஸைக் கூட்டிக்கிட்டு நீங்க போங்க மேகலா."

"நானா டாக்டர்?"

"உங்க கையெழுத்துதானே. நீங்கதான் போகணும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அந்தப் பயணத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் நின்றது. எது வயல், எது வாய்க்கால் என்று தெரியவில்லை. ஒரு பாலத்துக்கு முன்னால் ஜீப் நின்று நின்று போனது. நான் மடியில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஏழு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஒன்று என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ், "பாக்காதீங்க மேடம், உள்ள வைங்க" என்றார்.

வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். ஆஸ்பத்திரி ஜீப்பைப் பார்த்ததும் பயந்துவிட்டார்.

"ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே! ரெண்டு எளநி வெட்டிக் குடிச்சிட்டு, வயல்ல தண்ணி நிக்குது, வரப்ப வெட்டி விட்டுட்டு வாரேன்னு போயிருக்காங்க."

"எவ்வளவு நேரமாச்சும்மா?"

"இந்நேரம் வந்திருக்கணுங்க."

வரப்பில் நடந்தோம். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டேன். சின்ன வயசில் வரப்பில் ஓடிய கால்கள்தான், அன்று ஒவ்வொரு அடியும் வழுக்கியது. தூரத்தில் ஒரு தென்னைமரத்துக்குக் கீழே ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மண்வெட்டி தண்ணீரில் கிடந்தது. தலை தொங்கியிருந்தது. அந்த அம்மா "ஏங்க" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னும் பெரிதாகக் கூப்பிட்டார். நான் ஜெபம் பண்ணத் தெரியாதவள், சாமியும் அதிகம் கும்பிடுவதில்லை. அந்த வரப்பில் யாரிடம் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

தலை மெல்ல நிமிர்ந்தது.

"காலு ரெண்டும் வரமாட்டேங்குது. மரத்துப்போச்சு" என்றார்.

நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்த முகமே போதுமானதாக இருந்தது. டிரைவரும் பக்கத்து வயல்காரர் ஒருவரும் அவரைத் தூக்கினார்கள். ஜீப்பில் அவர் தலை என் தோள்மேல் இருந்தது. மூச்சு விடுகிறாரா என்று கையை அவர் மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டே வந்தேன்.

"நீங்க எதுக்கும்மா தேடி வந்தீங்க?" என்று கேட்டார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. ஆனால் வாயில் வரவில்லை. "உங்க ரிப்போர்ட் மாறிப்போச்சுங்க ஐயா. எங்க தப்பு. நான் பண்ண தப்பு" என்றேன்.

"அப்ப என்னோடது யாருக்குப் போச்சு?" என்றார் அவர்.

"பிள்ளை பெத்திருக்கிற ஒரு பொண்ணுக்கு."

"அதுக்கு ஒண்ணும் ஆயிடலயே?"

"இல்லைங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடி நிறுத்திட்டாங்க."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு ஆஸ்பத்திரி வருகிற வரைக்கும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. அவர் மனைவி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அவரைக் காப்பாற்றிவிட்டார்கள். டாக்டர் எஸ்தர் வாசலிலேயே நின்றிருந்தார். ஈசிஜியில் கோடுகள் கூரை முகடு மாதிரி உயர்ந்து உயர்ந்து இருந்தன. ஊசி போட்டு, தஞ்சாவூருக்கு அனுப்பி டயாலிசிஸ் செய்தார்கள். அவர் பிறகு பல வருஷம் இருந்தார்.

மறுநாள் காலை டாக்டர் எஸ்தரின் அறையில் நானும் ஆரோக்கியராஜ் அண்ணனும் நின்றோம். ராஜினாமாக் கடிதம் என் கையில் இருந்தது. அவர் அதை வாங்கி, வாய்விட்டுப் படிக்காமல், இழுப்பறைக்குள் போட்டார். "இது அப்புறம். இனிமே எப்படி நடத்துறதுன்னு சொல்லுங்க" என்றார்.

நான் யோசித்து வைத்திருந்தேன். "பிள்ளையார் டியூபை எடுத்துடலாம் டாக்டர். புது சிஸ்டம் சரியாத்தான் இருக்கு. முதல் வரியை அது விழுங்குறதில்ல. நோயாளியை முதல் இடத்துலயே வச்சிடலாம்."

"அவசரப் பிரிவுல?"

"அங்க பழைய கம்ப்யூட்டர். அங்க மட்டும் வச்சாகணும்."

"அங்கயும் இங்கயும் வேலை பாக்குறது ஒரே ஆளுங்கதானே?"

"ஆமா டாக்டர்."

அண்ணன் அப்போது குறுக்கே பேசினார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. "மேகலாம்மா, நான் காலையில அங்க, மத்தியானம் இங்க. எனக்கு அம்பது வயசுக்கு மேல ஆச்சு. கை தன்னால வைக்கும், இல்ல தன்னால விட்டுடும். ஒரு நாள் நான் மாத்திப் பண்ணுவேன். பண்ணமாட்டேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

புரோகிராமைத் திருத்தலாம் என்றால் அதன் மூல நிரல், சீனிவாசன் எழுதிய அசல் வரிகள், எங்களிடம் இல்லை. அவசரப் பிரிவில் புதுக் கணினி போடலாம் என்றால் அங்கே இயந்திரத்தின் கேபிளைச் சொருகுகிற அட்டை புதுக் கணினியில் பொருந்தாது. புது இயந்திரங்கள் வாங்குகிற நிலையில் மருத்துவமனை இல்லை. டாக்டர் எஸ்தர் சாரல் அடித்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"புது சிஸ்டத்தைப் பழசு மாதிரி நடக்க வைக்க முடியுமா?"

முடியும். புரோகிராமின் அமைப்புகளுக்குள் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால், அந்த ஒரு புரோகிராமுக்காக மட்டும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் பழையது மாதிரி நடந்துகொள்ளும். பழையதன் தப்பையும் சேர்த்துச் செய்யும். எங்களை மாதிரி ஆட்களுக்காகவே அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

"அப்ப அதைப் போடுங்க. ரெண்டு இடத்துலயும் ஒரே தப்பு இருக்கட்டும். ஒரு இடத்துல தப்பு, ஒரு இடத்துல சரின்னு இருந்தா நம்ம ஆளுங்க மாத்திப் பண்ணி யாராவது செத்துருவாங்க" என்றார்.

டிக் போட்டேன். இம்முறை பத்து டியூபிலும் பத்து விதமான அளவுகள். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார், அண்ணன் சுருளைப் பார்த்து "சரி" சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு, இரண்டு லேபிலும், அளவு கூடியது ஒன்று, குறைந்தது ஒன்று என்று மாற்றி மாற்றி வைத்து ஓட்டி, இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகுதான் நோயாளிகளின் ரத்தம் உள்ளே போகும்.

பதினோரு வருஷம் அந்தப் பிழையை நான் காவல் காத்தேன். வேலைக்கு வந்ததும் கைப்பையை வைப்பதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைத் திறந்து டிக் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஆபரேட்டிங் சிஸ்டம் தானாகப் புதுப்பித்துக்கொண்டால் டிக் போய்விடக்கூடும் என்று இணைய வயரைப் பிடுங்கி, அந்த ஓட்டையை எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். மின்சாரம் போய் வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். மகள் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்த கையோடு அண்ணனுக்கு போன் போட்டு, "பாத்தீங்களா அண்ணே?" என்று கேட்டேன். "ரெண்டு தடவை பாத்தேன். போய்ச் சாப்பிடும்மா" என்றார். மற்றவர்கள் கணினியில் பிழை இருந்தால் பயப்படுவார்கள். நான் பிழை போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

அந்த மூன்று நாள் பட்டியலில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடினோம். வார்டில் இருந்தவர்கள் சுலபம். வெளிநோயாளிகளில் பலருக்கு போன் போட்டோம், கிடைக்காதவர்களின் ஊருக்கு ஆள் போனார்கள். "வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேரு என்னாகும் டாக்டர்?" என்று அப்போதைய நிர்வாகி கேட்டார். டாக்டர் எஸ்தர் அவருக்குப் பதில் சொல்லாமல், இந்த நாட்களில் எங்களிடம் ரத்தம் கொடுத்தவர்கள் ரிப்போர்ட்டோடு உடனே வரவும் என்று நோட்டீஸ் அடித்து, பஸ் நிறுத்தங்களில் ஒட்டச் சொன்னார். பத்து நாளில் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

லட்சுமி, வயது முப்பத்துநாலு, கீழ்வேளூர். அவ்வளவுதான் எழுதியிருந்தது. யாருடைய பிரசவத்துக்கோ துணைக்கு வந்த இடத்தில், காலையில் எழுந்தால் முகம் வீங்கியிருக்கிறது என்று தானும் ரத்தம் கொடுத்திருக்கிறார். கொடுத்த போன் எண்ணில் ஒரு இலக்கம் தவறு. கையில் கிடைத்த ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. சுருளில் இருந்த உண்மையான முடிவின்படி அவருடைய சிறுநீரகங்கள் பாதிக்கு மேல் கெட்டிருந்தன. அன்றே மருந்து தொடங்கியிருந்தால் காப்பாற்றக்கூடிய நிலை என்றார் டாக்டர் எஸ்தர்.

கீழ்வேளூர் என் ஊர்ப் பக்கம். அதனால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அந்த நாட்களில் பிரசவத்துக்கு வந்தவர்களின் வீடுகளில் கேட்டேன். ரேஷன் கடையில் கேட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைக் கூப்பிட வருகிற தாய்மார்களிடம் கேட்டேன். எத்தனையோ லட்சுமிகளைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் கதவைத் திறக்கும்போது முகம் வீங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். "நான் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததே இல்லீங்களே" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வருஷம் போனேன். பிறகு போவது குறைந்தது. பயம் குறையவில்லை.

டாக்டர் எஸ்தர் ஓய்வு பெற்றுப் போகும்போது இழுப்பறையிலிருந்து என் ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு கிடைச்சிட்டாளா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கடிதத்தைக் கிழிக்கச் சொல்லவும் இல்லை, வைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் மருத்துவமனைக்குப் புது இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொரு டியூபிலும் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருக்கும், இயந்திரமே பெயரைப் படித்துக்கொள்ளும். வரிசை என்ற பேச்சே கிடையாது. என் இடத்துக்கு வந்த பர்வீன் போனில் அழைத்தார். "பழசை நிறுத்தப்போறோம். நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும் மேடம்" என்றார். போனேன். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டினோம். எல்லாம் பொருந்தியது. இரண்டு லேபிலும் ஒரே நாளில் பழைய கணினிகளை நிறுத்தினார்கள். யாரோ கை தட்டினார்கள். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பர்வீன் பெரிய லேப் கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பேஷன்ட் விவரமெல்லாம் இதுல இருக்கு மேடம். புதுசுக்கு மாத்த வேண்டியதை மாத்திட்டேன். இதை அழிச்சிட்டுத்தான் வெளிய அனுப்பணும். அழிச்சிடலாமா?"

"அழிங்க. முதல் மூணு நாளை மட்டும் விட்டுடுங்க."

"அது தப்பான டேட்டா ஆச்சே மேடம். அதை எதுக்கு வச்சிக்கிட்டு?"

"கீழ்வேளூர்லேருந்து ஒருத்தங்க இன்னும் வரணும்" என்றேன்.